நுரையீரல் தேறிய பிறகும் மூச்சு ஏன் வாங்குகிறது?

கடுமையான நிமோனியா, கோவிட், இன்ஃபுளுவென்சா போன்ற நோய்களால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் இருந்துவிட்டு வீடு திரும்புபவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் இரண்டு விதமான குழப்பத்துக்கு ஆளாகிறார்கள். ஸ்கேன் அறிக்கையில் வடுவைக் குறிக்கும் 'ஃபைப்ரோசிஸ்' என்ற சொல்லைக் கண்டதும் நுரையீரல் இனித் தேறவே தேறாது என்று முடிவு கட்டிவிடுவது ஒன்று. சில மாதங்கள் கழித்துச் செய்த பரிசோதனையில் நுரையீரல் நன்றாக இருப்பதாகத் தெரிந்த பின்பும் ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குவதைப் பார்த்து, பரிசோதனை பிழையா, இது மனப்பிரமையா என்று திகைப்பது மற்றொன்று. நுரையீரல் தேறுவதும் அந்த மனிதர் தேறுவதும் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு காரணங்களைச் சார்ந்து நடக்கின்றன என்பது விளங்கினால் இரண்டு குழப்பங்களும் பெரும்பாலும் நீங்கிவிடும். அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## ஆக்சிஜன் கடக்கும் நான்கு படிகள்

மூச்சு விடுவதை நுரையீரலின் வேலையாக மட்டுமே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒரு கால் தசையைச் சென்றடைந்து பயன்படுவதற்கு நான்கு படிகளைக் கடந்தாக வேண்டும்.

1. காற்று உள்ளே வந்து வெளியேற வேண்டும். நுரையீரலுக்குத் தானாக விரியும் ஆற்றல் கிடையாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்னும் தசையும் விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகளும் நெஞ்சுக்கூட்டை விரிப்பதால்தான் காற்று உள்ளே நுழைகிறது.

2. காற்று நுண்ணறைகளின் சுவரைத் தாண்டி ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்க வேண்டும். வயதுவந்த ஒருவரின் இரு நுரையீரல்களிலும் சேர்த்துச் சராசரியாக 48 கோடி நுண்ணறைகள் இருப்பதாக 2004இல் வெளியான ஓர் அளவீடு காட்டியது. அவற்றின் சுவர் மிக மெல்லிய இடங்களில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை.

3. இதயம் அந்த இரத்தத்தை உடலெங்கும் செலுத்த வேண்டும். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் போதிய அளவில் இருக்க வேண்டும்.

4. தசைகள் வந்து சேர்ந்த ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்க வேண்டும்.

இந்த நான்கில் எது தளர்ந்தாலும் நோயாளி உணர்வது ஒன்றுதான்: மூச்சு போதவில்லை. அந்த உணர்வை வைத்து மட்டும் பழுது எந்தப் படியில் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

## கடும் நோயில் நுரையீரலுக்கு நேர்வது

தொற்றோ அதைத் தொடர்ந்து வரும் அழற்சியோ மிகும்போது நுண்ணறைகளின் சுவர் சேதமடைந்து, இரத்தக் குழாய்களிலிருந்து புரதம் மிகுந்த நீர் கசிந்து அறைகளை நிரப்புகிறது. அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளும் குறைவதால் பல அறைகள் சுருங்கி மூடிவிடுகின்றன. 1967இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த நிலையைத் தீவிர மூச்சுத்திணறல் நோய்க்குறி என்றும், மருத்துவமனை வழக்கில் ஏஆர்டிஎஸ் என்றும் சொல்கிறார்கள்.

இதன் கடுமையை அளக்க, தமனி இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை (மில்லிமீட்டர் பாதரசத்தில்), நோயாளி சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் எத்தனை பங்கு என்பதால் வகுக்கிறார்கள். 21 விழுக்காடு, அதாவது 0.21 பங்கு, ஆக்சிஜன் உள்ள சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் நலமான ஒருவருக்கு இந்த ஈவு 400க்கு மேல் இருக்கும். 2012இல் வகுக்கப்பட்ட வரையறைப்படி, சுவாசக் கருவியின் அழுத்த ஆதரவு இருந்தும் 300க்குக் கீழே வந்தால் லேசான நிலை, 200க்குக் கீழே நடுத்தரம், 100 அல்லது அதற்கும் கீழே போனால் கடுமையான நிலை.

## புண் ஆறுவதும் வடு எஞ்சுவதும்

நுரையீரலுக்குத் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் திறன் உண்டு. நுண்ணறைச் சுவரின் பெரும்பரப்பை மூடியிருப்பவை முதல் வகைச் செல்கள் எனப்படும் தட்டையான செல்கள். அவை எளிதில் சிதைபவை. சர்ஃபாக்டன்ட்டைச் சுரக்கும் இரண்டாம் வகைச் செல்கள் பெருகி, அவற்றில் ஒரு பகுதி முதல் வகைச் செல்களாக மாறி, உரிந்துபோன சுவரை மீண்டும் மூடுகின்றன. தேங்கிய நீர் உறிஞ்சப்படுகிறது. சிதைவுகளை வெள்ளணுக்கள் அகற்றுகின்றன. இந்தப் பணி ஒழுங்காக நடந்தால் நுண்ணறை ஏறத்தாழப் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். அடிக்கட்டுமானமே சிதைந்த இடங்களிலும் அழற்சி ஓயாமல் நீடிக்கும் இடங்களிலும் நார்த்திசு படிந்து வடு உண்டாகிறது. இந்த வடுவின் பெயர்தான் ஃபைப்ரோசிஸ்.

நோய் தணிந்த சில வாரங்களுக்குள் எடுக்கும் சிடி ஸ்கேனில் தெரியும் மங்கலான திட்டுகளும் கோடுகளும் எல்லாமே நிலையான வடு ஆகிவிடுவதில்லை. அவற்றில் பல இன்னும் ஆறிக்கொண்டிருக்கும் அழற்சியின் தடயங்கள். மாதங்கள் செல்லச் செல்ல மறையக்கூடியவை. அறிக்கையில் உள்ள அதே சொல், ஆண்டுக்காண்டு முற்றிக்கொண்டே போகும் வேறொரு நுரையீரல் நோய்க்கும் பயன்படுவதால், இணையத்தில் தேடிப் பார்க்கும் குடும்பத்தார் தேவையற்ற அச்சத்துக்கு உள்ளாகிறார்கள். தொற்றுக்குப் பிந்தைய வடு பெரும்பாலும் ஒரு நிலையில் நின்றுவிடுகிறது, அல்லது மெல்லக் குறைகிறது. அது உண்மையிலேயே முற்றுகிறதா என்பதை ஒரு ஸ்கேனைக் கொண்டு சொல்ல இயலாது. இடைவெளி விட்டு எடுத்த இரண்டு ஸ்கேன்களையும் அவற்றோடு நுரையீரல் செயல்பாட்டுப் பரிசோதனைகளையும் ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

சாதாரண நிமோனியாவுக்கே காலம் தேவைப்படுகிறது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு நோயாளிகளுக்குச் சொல்லச் சொல்லும் கணக்கு இது: காய்ச்சல் ஒரு வாரத்தில் தணியும், நெஞ்சுவலியும் சளியும் 4 வாரங்களில் வெகுவாகக் குறையும், இருமலும் மூச்சிரைப்பும் 6 வாரங்களில் வெகுவாகக் குறையும், 3 மாதங்களில் பெரும்பாலான தொல்லைகள் நீங்கினாலும் அயர்ச்சி எஞ்சக்கூடும், பெரும்பாலோர் இயல்புக்குத் திரும்ப 6 மாதங்கள் ஆகும். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவருக்கு இதைவிட நீண்ட காலம் தேவைப்படுவதில் வியப்பில்லை.

## பரிசோதனைகள் எதை அளக்கின்றன

ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் நோயாளி ஆழ மூச்சிழுத்துக் குழாயில் வேகமாக ஊதுகிறார். மொத்தம் எவ்வளவு காற்று வெளியேறியது, முதல் ஒரு நொடியில் எவ்வளவு வெளியேறியது என்ற இரு அளவுகளும் அவற்றின் விகிதமும் இதில் கிடைக்கின்றன. மொத்த அளவு குறைந்தால் நுரையீரல் விறைத்திருக்கலாம், அல்லது மூச்சுத் தசைகள் தளர்ந்திருக்கலாம். விகிதம் குறைந்தால் மூச்சுக்குழல்கள் குறுகியிருக்கின்றன என்று பொருள். எப்படிப் பார்த்தாலும் இது மேலே சொன்ன முதல் படியை மட்டுமே அளக்கிறது.

இரண்டாம் படியை அளப்பது பரவல் திறன் பரிசோதனை. மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை உள்ளிழுத்து 10 நொடிகள் மூச்சைப் பிடித்து வைத்துவிட்டு வெளியிட்டால், அந்த வாயுவில் எவ்வளவு இரத்தத்துக்குள் போனது என்று கணக்கிடலாம். கடும் நோய்க்குப் பின் மிகவும் தாமதமாகத் தேறுவது இந்த அளவுதான். ஸ்பைரோமெட்ரி மட்டும் செய்துவிட்டு 'நுரையீரல் நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடுவது அரைகுறையான தீர்ப்பு.

முடிவுகள் பெரும்பாலும் அதே வயது, பாலினம், உயரம் உள்ள நலமான ஒருவரிடம் எதிர்பார்க்கும் அளவின் விழுக்காடாக எழுதப்படுகின்றன. 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இயல்பு என்று கொள்வது பழைய வழக்கம். நோய்க்கு முன் 115 விழுக்காடு இருந்த ஒருவர் இப்போது 85 விழுக்காட்டில் இருந்தால், அறிக்கை அவரை இயல்பானவர் என்றே சொல்லும். ஆனால் தம் நுரையீரல் திறனில் கால் பங்குக்கு மேல் அவர் இழந்திருக்கிறார். நோய்க்கு முன் எடுத்த அளவு பெரும்பாலானோரிடம் இருப்பதில்லை என்பதால் இந்த இழப்பு எங்கும் பதிவாவதே இல்லை. 'முன்பு போல இல்லை' என்று நோயாளி சொல்வதற்கு மதிப்பளிக்க இது ஒன்றே போதுமான காரணம்.

நான்கு படிகளையும் ஒருசேரச் சோதிப்பது ஆறு நிமிட நடைச் சோதனை. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள சமதளத் தாழ்வாரத்தில் 6 நிமிடங்களுக்குள் எவ்வளவு தொலைவு நடக்க முடிகிறது, நடக்கும்போது இரத்த ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது, மூச்சிரைப்பு எத்தனை மதிப்பெண் என்று குறிக்கிறார்கள். முன்பைவிடச் சுமார் 30 மீட்டர் கூடினால் அது நோயாளிக்கு உண்மையான முன்னேற்றம் என்று கருதப்படுகிறது. பெரிய கருவி எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனை, விலை மிகுந்த பல ஸ்கேன்களைவிட ஒருவரின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்லிவிடுகிறது.

## சிக்கல் பெரும்பாலும் தசையில் இருக்கிறது

டொரண்டோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஏஆர்டிஎஸ்ஸிலிருந்து பிழைத்த 109 பேரைப் பின்தொடர்ந்து 2003இலும் 2011இலும் வெளியிட்ட முடிவுகள் இந்தத் துறையின் பார்வையையே மாற்றின. இந்த நோயாளிகளை வயதுப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் வயது 45. ஆறு மாதங்களுக்குள் இவர்களுடைய நுரையீரல் கொள்ளளவும் ஸ்பைரோமெட்ரி அளவுகளும் இயல்புக்குத் திரும்பிவிட்டன. பரவல் திறன் மட்டும் ஓராண்டு வரை குறைவாகவே இருந்தது. ஓராண்டு முடிவில் எவருக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் தேவைப்படவில்லை. ஆனால் ஆறு நிமிட நடைத் தொலைவின் நடு அளவு 3ஆம் மாதத்தில் 281 மீட்டர், ஓராண்டில் 422 மீட்டர், ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் 436 மீட்டர்தான்; கடைசியில் எட்டிய அளவு எதிர்பார்க்கும் தொலைவில் 76 விழுக்காடு. ஓராண்டில் பாதிப்பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள்.

ஏறத்தாழச் சரியாகிவிட்ட நுரையீரலோடு ஏன் நடக்க முடியவில்லை? தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளிவரும்போது அவர்கள் தங்கள் எடையில் சராசரியாக 18 விழுக்காட்டை இழந்திருந்தார்கள். ஓராண்டு கழித்தும் தசை மெலிவையும், தோளிலும் இடுப்பிலும் உள்ள பலவீனத்தையும், அயர்ச்சியையுமே தங்கள் இயலாமைக்குக் காரணமாகச் சொன்னார்கள். தசை கரையும் வேகத்தை 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு அளந்தது: தீவிர சிகிச்சையின் முதல் 10 நாட்களுக்குள் தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்துவிட்டது. உதரவிதானத்துக்கும் இதிலிருந்து விலக்கில்லை. சுவாசக் கருவி முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளும்போது ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள்ளேயே அதன் இழைகள் மெலியத் தொடங்குவதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

அழற்சி தசைப் புரதத்தைச் சிதைக்கிறது. அசையாமல் படுத்திருப்பது புதிய புரதம் உருவாவதைத் தடுக்கிறது. போதாத உணவு இவ்விரண்டையும் மோசமாக்குகிறது. உயிர்காக்கத் தேவைப்படும் ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் தசையைத் தளர்த்தக்கூடும். இப்படி மெலிந்த தசை, சிறிய வேலைக்கே அதன் எல்லையை எட்டி, லாக்டிக் அமிலத்தை முன்கூட்டியே வெளியிடத் தொடங்குகிறது. அந்த அமிலத்தைச் சமன்செய்ய உடல் கூடுதல் கரியமில வாயுவை வெளியேற்ற வேண்டியிருப்பதால் மூளை மூச்சை விரைவுபடுத்துகிறது. விரைந்து மூச்சுவிட வேண்டிய உதரவிதானமோ ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. ஆகவே நுரையீரல் தன் பங்கைச் சரியாகச் செய்தாலும் மூச்சு வாங்குகிறது. மூச்சு வாங்குவதற்கு அஞ்சி நோயாளி அசைவதைக் குறைத்துக்கொண்டால் தசை மேலும் மெலிகிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக மூச்சு வாங்குகிறது. 'நன்றாக ஓய்வெடுக்கட்டும்' என்று அன்போடு கட்டிலிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் அறியாமல் இந்தச் சுழலுக்குத் துணைபோகின்றன.

## மறுவாழ்வுப் பயிற்சி எதைத் தரும், எதைத் தராது

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்பது இந்தச் சுழலை உடைப்பதற்கான ஏற்பாடு. முதலில் நடைச் சோதனையால் திறனை அளந்து, பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, 6 முதல் 12 வாரங்கள் வரை, இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் நடைப் பயிற்சியும் கை கால் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் அளிக்கிறார்கள். மூச்சை நிதானப்படுத்தும் முறைகள், உணவு ஆலோசனை, நோயைப் பற்றிய விளக்கம், மன ஆதரவு ஆகியவையும் இதில் அடங்கும். வெறும் மூச்சுப் பயிற்சியையோ மூன்று பந்துகள் கொண்ட கருவியை ஊதி இழுப்பதையோ மட்டும் மறுவாழ்வுப் பயிற்சி என்று எண்ணுவது பரவலான தவறு. அவற்றால் தீங்கில்லை, ஆனால் தொடைத் தசையை அவை மீட்டுத் தருவதில்லை.

இதற்கான மிக வலுவான சான்று சிஓபிடி எனப்படும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயில் கிடைத்தது. 65 ஆய்வுகளையும் 3,822 நோயாளிகளையும் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட மதிப்பாய்வு, பயிற்சி பெற்றவர்களுக்கு மூச்சிரைப்பும் அயர்ச்சியும் குறைந்து வாழ்க்கைத் தரம் உயர்ந்ததாகக் கண்டது. இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பயிற்சி நுரையீரலின் ஊதும் திறனைக் கூட்டுவதில்லை என்பதுதான். நுரையீரல் அளவு மாறாமலேயே ஒருவர் கூடுதல் தொலைவு நடக்கிறார், குறைவாக மூச்சு வாங்குகிறார். மாற்றம் தசையிலும், மூச்சின் ஒழுங்கிலும், அச்சம் தணிந்த மனத்திலும் நிகழ்கிறது.

எப்போது தொடங்குவது என்பதில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சுவாசக் கருவியில் இருக்கும்போதே மயக்க மருந்தைக் குறைத்து மெல்ல உட்கார வைத்து நடக்கப் பழக்கிய 2009ஆம் ஆண்டு ஆய்வில், மருத்துவமனையை விட்டுச் செல்லும்போது தங்கள் வேலைகளைத் தாங்களே செய்துகொள்ளக்கூடியவர்கள் 59 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 35 விழுக்காடு. ஆனால் 2022இல் வெளியான பெரிய ஆய்வில், வழக்கத்தைவிடத் தீவிரமாக அசைய வைத்தவர்களுக்குக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை; இதயத் துடிப்பு மாறுதல், ஆக்சிஜன் இறங்குதல் போன்ற பாதகங்கள் மட்டும் கூடின. சீக்கிரம் தொடங்குவது நல்லது, அளவு மீறுவது நல்லதன்று என்றே இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது தோன்றுகிறது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கோவிட்டுக்குப் பின் சிலருக்கு, செய்த வேலைக்குச் சற்றும் பொருந்தாத அளவில், ஒன்றிரண்டு நாட்கள் கழித்து அயர்ச்சியும் மற்ற தொல்லைகளும் பெருகும். இவர்களிடம் 'தினமும் கொஞ்சம் கூட்டு' என்ற வழக்கமான முறை நிலைமையை மோசமாக்கலாம். தாங்கும் அளவைக் கண்டறிந்து அதற்குள் வேலையைப் பிரித்துச் செய்வதே இவர்களுக்கு ஏற்றது. பயிற்சிக்கு அனுப்பும் முன் இதைக் கேட்டறிய வேண்டியது மருத்துவரின் கடமை.

## ஆக்சிஜன் பற்றிய தவறான நம்பிக்கைகள்

ஆக்சிஜன் என்பது இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதற்கான மருந்து. மூச்சிரைப்புக்கான பொதுவான மருந்து அன்று. ஓய்வில் தமனி ஆக்சிஜன் அழுத்தம் 55 மில்லிமீட்டர் பாதரசம் அல்லது அதற்குக் கீழே நிலையாக இருப்பவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் தந்தால் ஆயுள் நீளும் என்பது 1980, 1981ஆம் ஆண்டுகளில் சிஓபிடி நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளால் நிறுவப்பட்டது. ஆனால் மிதமான குறைவு மட்டும் உள்ளவர்களுக்கு அதனால் அத்தகைய பயன் இல்லை என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. கடும் தொற்றுக்குப் பின் ஆக்சிஜனோடு வீடு திரும்பிய பலருக்கு இரண்டு மூன்று மாதங்களில் அது தேவையற்றுப் போகிறது. எனவே 60 முதல் 90 நாட்களுக்குள் ஓய்விலும் நடையிலும் மீண்டும் அளந்து பார்த்துத் தொடர்வதா நிறுத்துவதா என்று தீர்மானிக்க வேண்டும். தாமாகவே நிறுத்திவிடுவதும், கேட்பாரின்றி ஆண்டுக்கணக்கில் தொடர்வதும் சரியல்ல.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரிலும் ஒரு குறை உண்டு. கருமையான தோல் உள்ளவர்களிடம் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். எண் நன்றாக இருந்தும் நோயாளி தவித்தால், எண்ணை நம்பி அவரைப் புறக்கணிக்கக் கூடாது.

## வேறு காரணங்களைத் தேட வேண்டிய நேரம்

எல்லா மூச்சிரைப்பையும் தசைத் தளர்ச்சியின் கணக்கில் எழுதிவிடுவதும் ஆபத்து. மூன்று மாதங்கள் கடந்தும் முன்னேற்றம் தெரியவில்லை என்றாலோ, முன்னேறிய நிலை மீண்டும் சரிந்தாலோ, கீழே உள்ளவற்றை மருத்துவர் தேடிப் பார்க்க வேண்டும்.

1. நுரையீரல் இரத்தக் குழாயில் உறைகட்டி. திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குதல், இருமலில் இரத்தம் ஆகியவை தெரிந்தால் அது அவசரநிலை. கரையாமல் எஞ்சிய உறைகட்டிகள் பின்னாளில் நுரையீரல் இரத்த அழுத்தத்தை உயர்த்தலாம்.

2. மூச்சுக்குழாய்ச் சுருக்கம். பல நாட்கள் குழாய் செலுத்தப்பட்டிருந்தவரின் மூச்சுக்குழாயில் வடு உண்டாகி, வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்து மூச்சிழுக்கும்போது கீச்சென்ற ஓசை கேட்கலாம். இதை ஆஸ்துமா என்று எண்ணி இன்ஹேலர் கொடுத்துக் காலம் கடத்திவிடும் வாய்ப்பு அதிகம்.

3. அடங்காத அழற்சி. இவ்வகையில் சில, ஸ்டீராய்டு சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுபவை என்பதால் காலத்தே கண்டுபிடிப்பது முக்கியம்.

4. இதயத் தளர்ச்சி, இரத்தசோகை, மறைந்திருந்த ஆஸ்துமா. புகைபிடிப்பவர்களுக்கும் 50 வயதைக் கடந்தவர்களுக்கும் நிமோனியாவுக்குப் பின் ஏறத்தாழ 6 வாரங்களில் மீண்டும் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பது, அடியில் புற்றுநோய் ஏதும் மறைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவும்தான்.

இவை எதுவும் இல்லாமல், மேல்நெஞ்சால் மட்டும் வேகமாகவும் ஒழுங்கற்றும் மூச்சுவிடும் பழக்கம் நோய்க்குப் பின் சிலரிடம் நிலைத்துவிடுவதும் உண்டு. அதற்கு இயன்முறைப் பயிற்சி நல்ல பலன் தருகிறது.

## நடைத் தொலைவுக்கு அப்பால்

தீவிர சிகிச்சைக்குப் பின் எஞ்சும் உடல், நினைவாற்றல், மனநலக் குறைபாடுகளை ஒரே தொகுப்பாகக் கருத வேண்டும் என்று வல்லுநர்கள் 2010இல் கூடி முடிவு செய்து, அதற்குத் தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்க்குறி என்று பெயரிட்டார்கள். இதில் நினைவாற்றல் பற்றிய செய்தி பலரும் அறியாதது. 821 நோயாளிகளைக் கொண்ட 2013ஆம் ஆண்டு ஆய்வில், ஓராண்டு கழித்துச் சோதிக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருடைய சிந்தனைத் திறன் நடுத்தரமான தலைக்காயம் பட்டவர்களின் அளவில் இருந்தது. இது முதியவர்களிடம் மட்டுமின்றி இளையவர்களிடமும் காணப்பட்டது. மருத்துவமனையில் சித்தப்பிரமை (கடும் நோயின்போது வரும் தற்காலிக மனக்குழப்பம்) நீண்ட நாள் இருந்தவர்களுக்கு நிலைமை கூடுதலாக மோசம். வீட்டில் கணக்குத் தவறுபவரையும் மருந்து வேளையை மறப்பவரையும் அக்கறையற்றவர் என்று கடிந்துகொள்வது எவ்வளவு அநியாயம் என்பது இதிலிருந்து விளங்கும். கருவியில் கட்டுண்டு கிடந்த நாட்களைப் பற்றிய கொடுங்கனவுகள், மனச்சோர்வு, தனியே தூங்க அச்சம் ஆகியவற்றைக் கேட்டால்தான் சொல்வார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

வேலைக்குத் திரும்புவதை ஒரே நாளில் முழுமையாகச் செய்ய முயல்வது பெரும்பாலும் தோல்வியில் முடிகிறது. குறைந்த நேரத்தில் தொடங்கி, உடலுழைப்பு மிகுந்த பணிகளைப் பின்னுக்குத் தள்ளி, கவனம் வேண்டும் வேலைகளை அயர்ச்சி குறைந்த வேளைக்கு மாற்றி, சில வாரங்களுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போவது நிலைத்து நிற்கிறது. இதற்கு மருத்துவரின் சான்று மட்டும் போதாது. 'நுரையீரல் இயல்பு' என்று எழுதிய தாளைப் பார்த்து முழுநேர வேலைக்கு அழைக்கும் முதலாளிக்கு, அந்தத் தாள் நான்கு படிகளில் ஒன்றிரண்டை மட்டுமே அளந்தது என்பதை எடுத்துச்சொல்லும் குறிப்பும், நடைச் சோதனையின் முடிவும் சேர்த்து அளிக்கப்பட வேண்டும். பராமரிக்கும் குடும்பத்தாருக்கும் மனச்சோர்வும் உறக்கக் குறைவும் வருகின்றன என்பதால், தொடர் சிகிச்சைக்கு வரும் நாளில் உடன் வந்தவரையும் அமரவைத்து அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பதை நல்ல மையங்கள் வழக்கமாக்கி வருகின்றன.